இடுப்பில் இருப்பவன்

மாப்பிள்ளைக்கு,

ஞாயிற்றுக்கிழமை கப்பலிலிருந்து போனில் கேட்டீர்கள். "மச்சான், உங்க தங்கச்சி என்கிட்ட, கடல்ல எங்கயாவது குழந்தை அழற சத்தம் கேக்குதான்னு கேட்டா. நான் கப்பல் சமையல்கட்டுல நிக்கிறேன். இஞ்சின் சத்தத்துல நான் பேசறதே எனக்குக் கேக்காது. என்ன ஆச்சு அவளுக்கு?"

லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. வாயால் சொன்னால் முன்பின்னாகக் கொட்டிவிடுவேன் என்று பயம். எழுத உட்கார்ந்தால்தான் எனக்கு வரிசை வரும். அடுத்த துறைமுகத்தில் உங்கள் கையில் கிடைக்கும்படி இதை அனுப்புகிறேன். நடுவில் எங்கேயும் நிறுத்தாமல் கடைசிவரை படியுங்கள்.

முதலில் என் வேலையைப் பற்றி. "எங்க மச்சான் பொம்மைப் படத்துக்கு என்னவோ பண்றார்" என்றுதான் எல்லோரிடமும் சொல்லி வருகிறீர்கள். இத்தனை நாள் அது போதுமாயிருந்தது, இனிமேல் போதாது. கணினியில் செய்யப்படும் ஆள் வெறும் தோல்தான். கழற்றிப் போட்ட சட்டை மாதிரி, உள்ளே ஒன்றும் இருக்காது. அந்தத் தோல் ஆயிரக்கணக்கான புள்ளிகளால் ஆனது. நான் உள்ளே எலும்புகளை வைக்கிறேன். பிறகு ஒவ்வொரு புள்ளியிடமும், நீ எந்த எலும்பின் பேச்சைக் கேட்க வேண்டும், எவ்வளவு கேட்க வேண்டும் என்று சொல்லிவைக்கிறேன். இதைத் திரையில் வண்ணம் பூசித்தான் சொல்வோம். சிவப்பு பூசினால் அந்தப் புள்ளி முழுக்க அந்த எலும்புக்குச் சொந்தம். நீலம் என்றால் துளியும் இல்லை. மஞ்சளும் பச்சையும் இடைப்பட்டவை. முழங்கை மடிப்பில் இருக்கும் புள்ளி மேல்கைக்குப் பாதி, கீழ்க்கைக்குப் பாதி. எத்தனை எலும்புக்குப் பங்கு போட்டாலும் கூட்டினால் ஒன்று வரவேண்டும். ஓர் எலும்புக்கு ஏற்றினால் இன்னோர் எலும்புக்கு இறங்கும். ஆபீசில் என்னை 'எலும்பு' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

மார்ச் மாதம் புதுத் தொடர் ஒன்றுக்கு நடுவயதுக் கடைக்காரி ஒருத்தி தேவைப்பட்டாள். உண்மையான ஒரு பெண்ணைச் சுற்றி நாற்பது கேமராக்கள் வைத்துப் படம் எடுத்து, அதிலிருந்து தோலைச் செய்வதாக ஏற்பாடு. வருவதாக இருந்த பெண்ணுக்குக் காய்ச்சல். நான் மறந்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியைக் கொடுக்கத் தங்கச்சி ஆபீசுக்கு வந்தாள். மானேஜர் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"இவங்க யாரு?"

"என் தங்கச்சி சார். தையல் வேலை செய்யறா."

"உயரம் அளவெடுத்த மாதிரி இருக்கே. பத்து நிமிஷம் நிக்கச் சொல்லுங்களேன்."

கேமரா வட்டத்துக்கு நடுவில் இரண்டு கைகளையும் விரித்து நின்றாள். "ஏண்ணா, துணி காயப் போடற கொடியா நான்?"

"பேசாதே. வாய் அசைஞ்சா முகம் ரெண்டா விழும்."

"இருக்கிற ஒரு முகத்தையே அவர் வருஷத்துக்கு ரெண்டு மாசம்தான் பாக்கறாரு."

அவர் என்றால் நீங்கள்தான். எல்லோரும் சிரித்தோம். ஏசி பலமாக ஓடிக்கொண்டிருந்தது, கையில் மயிர் சிலிர்க்க நின்றாள்.

உடம்பின் வலப்பக்கத்தை மட்டும் பூசிவிட்டு, கண்ணாடியில் காட்டுவதுபோல இடப்பக்கத்துக்கு நகல் எடுப்பது எங்கள் வழக்கம். பாதி வேலை மிச்சம். இவளுக்குச் சின்ன வயதில் கதவிடுக்கில் நசுங்கி இடது சுண்டுவிரல் கொஞ்சம் கோணல். உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும், அன்று மறந்துவிட்டேன். நகல் எடுத்தபோது கோணல் விரலுக்கு ஜோடி கிடைக்காமல் முப்பத்தொரு புள்ளிகள் எந்த எலும்பும் இல்லாமல் விடுபட்டன. எலும்பு கிடைக்காத புள்ளி, ஆள் நடந்து போனாலும் தான் நின்ற இடத்திலேயே நின்றுவிடும். மறுநாள் எங்கள் அசைவுக்காரன் கூவினான். ஆட்களை நடக்கவும் ஓடவும் வைப்பது அவன் வேலை. ஏசி ஒத்துக்கொள்ளாமல் நாள் முழுக்கத் தும்முவதால் அவனுக்குத் 'தும்மல்' என்று பெயர்.

"எலும்பு சார், இங்க வாங்க! கடைக்காரி கடைக்குப் போய்ச் சேர்ந்துட்டா. சுண்டுவிரல் இன்னும் வீட்டை விட்டுக் கிளம்பலை."

சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்தபோது தங்கச்சி மெஷினை நிறுத்திவிட்டு இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கை வருதுண்ணா. சுண்டுவிரல் வரமாட்டேங்குது."

விரல் கையில்தான் இருந்தது. கிள்ளினேன், தெரியவில்லை என்றாள். மரத்துப்போய்விட்டதா என்று கேட்டேன்.

"இல்ல. குளிருது. உங்க ஆபீஸ் ஏசி மாதிரி குளிருது. அந்த கேமரா வட்டத்துக்குள்ளயே நிக்குதுண்ணா."

மறுநாள் காலை பத்து நாற்பதுக்கு அந்த முப்பத்தொரு புள்ளிகளுக்கும் எலும்பு கொடுத்தேன். பத்து நாற்பத்தொன்றுக்கு போன் வந்தது. "வந்துடுச்சு."

நான் சும்மா விடுகிற ஆளா? அவளிடம் சொல்லாமல் மூன்று முறை எடுத்து எடுத்துக் கொடுத்துப் பார்த்து நேரத்தைக் குறித்தேன். மூன்று முறையும் நிமிஷம் தவறாமல் போன் வந்தது. மூன்றாவது முறை போனில் விழுந்த திட்டு உங்களுக்கு நன்றாகவே பழக்கப்பட்டதாக இருக்கும். "நான் என்ன உன் ஆபீஸ் சுவிட்சா? போட்டுப் போட்டு அணைக்கிற?"

நான் கண்டுகொண்டது இதுதான். கடைக்காரியை ஆட்டினால் இவள் ஆடுவதில்லை. தும்மல் அவளை மாடிப்படியில் உருட்டிவிட்டான், இவள் இங்கே தன் பாட்டுக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். எது எதற்குச் சொந்தம் என்பது மட்டும்தான் இவளிடம் வந்து சேர்கிறது. அப்படியென்றால் கடைக்காரி இருக்கும் அந்தக் கணினிக் கோப்பையே அழித்துத் தொலைத்திருக்கலாமே என்பீர்கள். முப்பத்தொரு புள்ளிகளுக்கு எலும்பு இல்லாததற்கே அந்தப் பாடு. மொத்த உடம்புக்கும் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. கோப்புக்கு மூன்று பிரதி எடுத்துப் பூட்டிவைத்தேன். இரண்டு பேரும் யாரிடமும் மூச்சுவிடுவதில்லை என்று முடிவு செய்தோம்.

ஏப்ரலில் கதை எழுதுகிறவர்கள் கடைக்காரியின் இடுப்பில் ஒரு குழந்தையை ஏற்றினார்கள். இருபத்தாறு வாரமும் அது இறங்கவே இறங்காதாம். வேறொரு நாட்டில் இப்படிப்பட்ட உருவங்களை விற்கும் கடையிலிருந்து ஒரு ஆண் குழந்தையை ஆயத்தமாக வாங்கினார்கள். அதற்குள்ளே அதன் எலும்புகள் ஏற்கெனவே இருந்தன. மானேஜர் சொன்னார்: "அதுக்குத் தனி எலும்பெல்லாம் எதுக்கு? கம்ப்யூட்டர் மூச்சு வாங்கும். சும்மா ஒட்டிக்கிட்டு இருந்தா போதும்." பதினோராம் தேதி, செவ்வாய், மூன்று மணி. குழந்தையின் எலும்புகளை அணைத்தேன். அதன் நாலாயிரத்து இருநூற்றுப் பதினாறு புள்ளிகளையும் கடைக்காரியின் இடுப்பெலும்புக்குச் சிவப்பாகக் கொடுத்தேன். பிறகு தங்கச்சியின் புள்ளிகளை ஒன்றுவிடாமல் மூன்று முறை சரிபார்த்தேன். அவளுடையது ஒன்றும் மாறவில்லை. நிம்மதியாகக் கையைக் கழுவிக்கொண்டு வந்தேன். அவளை மட்டும்தான் பார்த்தேன். என் தவறு அதுதான்.

வீட்டில் அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். இடுப்பை இடப்பக்கம் தள்ளி, இடது கையை வளைத்து வைத்துக்கொண்டு, வலது கையால் மட்டும்.

"என்ன, ஒரு கையால கழுவறே?"

"இன்னொரு கையில இவன் இருக்கானே," என்றாள். சொல்லிவிட்டுத் தானே திடுக்கிட்டுத் தன் இடுப்பைப் பார்த்தாள். குழாய் ஓடிக்கொண்டே இருந்தது.

"யாரு?"

"என்னைக் கேட்டா? நீதானே வெச்சிருப்பே. நீ சொல்லு."

எடைமிஷினில் ஏறச் சொன்னேன். அறுபத்தொன்று. எப்போதும் அதே அறுபத்தொன்றுதான். ஆனால் அவளுடைய இடது செருப்பின் வெளி ஓரம் அடுத்த இரண்டே வாரத்தில் தேய்ந்து தரை தெரிந்தது.

மறுநாளே எடுத்துவிடுகிறேன் என்றேன். அவள் குழாயை மூடினாள். பிறகு, "கொஞ்ச நாள் இருக்கட்டும்ணா," என்றாள்.

உங்கள் இருவருக்கும் இந்த நான்கு வருடம் எப்படிப் போயிற்று என்று எனக்குத் தெரியும். எத்தனை ஆஸ்பத்திரி நாற்காலி என்றும் தெரியும். அதை நான் இங்கே எழுத வேண்டியதில்லை. ஆனால் ஒன்றை மறைக்காமல் எழுத வேண்டும். அடுத்த ஐந்து வாரம் அவள் சந்தோஷமாக இருந்தாள். வயிறாரச் சாப்பிட்டாள். மெஷினில் உட்கார்ந்தால் முழங்கால் ஆடிக்கொண்டே இருக்கும், வாய் எதையோ முணுமுணுக்கும். ரவிக்கை கொடுக்க வருகிறவர்கள் பேசும்போது, பேசுகிறவர்களின் கண் தானாக அவளுடைய இடுப்புப் பக்கம் போய், ஒன்றும் இல்லாத இடத்தைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுத் திரும்பும். அவர்களுக்கே அது தெரியாது. பார்த்துக்கொண்டிருந்த எனக்குத்தான் தெரியும்.

மே நடுவில் ஒரு மத்தியானம் துணி வெட்டிக்கொண்டே சொன்னாள். "இவன் என்னைப் பாக்கறதே இல்லண்ணா. வந்த நாளா பாக்கறேன். என் தோளுக்குப் பின்னாடி யாரையோ தேடறான்."

கத்தரிக்கோல் துணியில் ஓடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கூட்டினால் ஒன்று வரவேண்டும். இவள் இடுப்புக்கு ஒன்று. அப்படியானால் அந்தக் குழந்தையின் சொந்த எலும்புகளுக்கு என்ன மிச்சம்? கடைக்காரியின் தோல் என் தங்கச்சியிடமிருந்து வந்தது. குழந்தையின் தோலும் யாரிடமிருந்தாவது வந்துதானே இருக்க வேண்டும்?

உருவம் விற்ற கடைக்கு எழுதினேன். குழந்தை யாருடையது, நலமாக இருக்கிறதா, தெரிந்துகொள்ள விரும்புகிறேன் என்று மூன்றே வரி. அவர்கள் அதை வீட்டாருக்கு அனுப்பிவைக்க, ஐந்தாம் நாள் குழந்தையின் தகப்பனிடமிருந்து பதில் வந்தது. தமிழில் அது இப்படி வரும்: 'அது எங்கள் மகன். நன்றாக நடக்கத் தொடங்கியிருந்தான். ஏப்ரல் பதினோராம் தேதி, செவ்வாயிலிருந்து காலைத் தரையில் ஊன்றுவதில்லை. எங்கே கிடத்தினாலும் ஒரு பக்கமாகச் சாய்ந்து, எதன் மேலோ உட்கார்ந்திருப்பதுபோலக் கால்களை அகட்டி வைத்துக்கொள்கிறான். வலது கை ஆகாயத்தில் எதையோ பிடித்தபடி இருக்கிறது. டாக்டர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. நீங்கள் ஏன் கேட்கிறீர்கள்?'

அதைத் தங்கச்சிக்குப் படித்துக் காட்டினேன். அவள் தன் இடது தோளைத் தொட்டுப் பார்த்தாள். "இங்க பிடிச்சிட்டிருக்கான்," என்றாள். பிறகு ஊசியில் நூல் கோக்கத் தொடங்கினாள். நான்கு முறை தவறியது. இருபது வருடமாகத் தைக்கிறவள்.

"திருப்பிக் குடுத்துடு. ஆனா ஒரேயடியாப் பிடுங்காதே. கொஞ்சம் கொஞ்சமா. அவனுக்கும் பழகணும்ல?"

"அவனுக்கா, உனக்கா?"

நூலைப் பல்லால் கடித்தாள்.

திங்கட்கிழமை குழந்தையின் எலும்புகளை மறுபடி உயிர்ப்பித்து, பத்தில் ஒரு பங்கு அவற்றுக்குக் கொடுத்தேன். இவள் இடுப்பில் ஒன்பது. செவ்வாய் எட்டு. புதன் ஏழு. திரையில் குழந்தை இடுப்பை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக விலகி மிதந்தது. "எலும்பு சார், பையன் பறக்க ஆரம்பிச்சுட்டான். பொட்டிக்கடைன்னு சொல்லிட்டு மந்திரவாதி கதை எடுக்கறோமா?" என்று தும்மல் கேட்டான். வெள்ளிக்கிழமை சரிபாதி.

அன்று வீட்டுக்குள் நுழைந்தபோது மெஷின் ஓடவில்லை. தங்கச்சி சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"என்கிட்ட இல்லண்ணா. அங்கயும் போய்ச் சேரலை. நடுவுல எங்கயோ நிக்கறான். கீழ தண்ணி. ராட்சசத் தண்ணி. யாருமே பிடிச்சுக்கலை அவனை."

இருபது வருடமாக முழங்கை பூசுகிறவன் நான். இரண்டு எலும்புக்குப் பாதி பாதி கொடுத்த புள்ளி இரண்டுக்கும் நடுவில்தான் போய் நிற்கும். இது எங்கள் தொழிலில் முதல் நாள் பாடம். இந்த வீட்டுக்கும் அந்தப் பிள்ளையின் வீட்டுக்கும் நடுவில் கடலைத் தவிர வேறொன்றும் இல்லை. சனியும் ஞாயிறும் ஆபீஸ் பூட்டு. சாவி மானேஜரிடம், மானேஜர் வெளியூரில், அவர் போன் அணைந்து கிடந்தது. அந்த இரண்டு நாளும் அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்றாள். அப்போதுதான் கடலில் இருக்கும் உங்களுக்கு போன் பண்ணிக் கேட்டிருக்கிறாள். அந்தத் தகப்பனும் எழுதியிருந்தார். 'வெள்ளியிலிருந்து பிள்ளையின் உதடு உப்புக் கரிக்கிறது. துடைத்தால் மறுபடி உப்பு. உங்களுக்கு ஏதாவது தெரிந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.'

திங்கட்கிழமை மத்தியானம் எல்லோரும் சாப்பிடக் கீழே இறங்கிய பிறகு அவள் ஆபீசுக்கு வந்தாள். நான் காலையிலேயே செய்திருக்கலாம். நான் வரும்வரை தொடாதே என்று சொல்லிவைத்திருந்தாள். ஒரு பட்டனை அழுத்தினால் நொடியில் முடிந்துவிடும் என்றேன்.

"பேனாவை இப்படிக் குடு."

திரையில் பூசும் பேனாவைக் கையில் கொடுத்து, எங்கே பூச வேண்டும் என்று காட்டினேன். துணியில் சாக்கட்டியால் கோடு போட்டுப் பழகிய கை. பாதங்களிலிருந்து தொடங்கினாள். பேனா போன இடமெல்லாம் பச்சை கரைந்து நீலமாயிற்று. கால் போயிற்று, வயிறு போயிற்று, முதுகு போயிற்று. தலையை மட்டும் மெதுவாக, உச்சியிலிருந்து பிடரிவரை தடவிவிடுவதுபோலப் பூசினாள். கடைசியில் வலது கை முஷ்டி மிச்சம். எத்தனை முறை இழுத்தும் அது பச்சையாகவே நின்றது.

"விடமாட்டேங்கறான்," என்றாள்.

குனிந்து பார்த்தேன். பேனாவின் முனை திரையைத் தொடவே இல்லை. ஒரு நூல் இடைவெளி விட்டுக் காற்றில் பூசிக்கொண்டிருந்தாள்.

"அழுத்திப் பூசும்மா."

"அழுத்தினாத்தான் போவானா?"

"ஆமா."

அவள் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய் ஏதோ சொல்லத் தொடங்கினாள். நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனேன். தாகம் இல்லை. திரும்பி வந்தபோது முஷ்டி நீலமாக இருந்தது. மணி ஒன்று இருபது. அவள் எழுந்து, ஏழு வாரத்துக்குப் பிறகு இடுப்பை நேராக்கி நின்றாள். நின்றவள் அப்படியே வலப்பக்கம் சரிந்தாள். அந்தப் பாரத்துக்கு ஈடுகட்டியே உடம்பு பழகியிருந்தது. நான் தாங்கிப் பிடிக்காவிட்டால் மேசை விளிம்பில் தலை மோதியிருக்கும்.

இனிக் குழந்தையை ஒவ்வொரு காட்சியிலும் கையால்தான் நகர்த்த வேண்டும் என்று தும்மல் என்னைச் சபித்துக்கொண்டிருக்கிறான். சபிக்கட்டும்.

நேற்று, செவ்வாய்க்கிழமை, தகப்பனின் கடிதம் வந்தது. 'நேற்று திடீரென்று எழுந்து நின்றான். நடக்கிறான், சாப்பிடுகிறான். உதட்டில் உப்பு இல்லை. நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கேட்க எனக்குப் பயமாக இருக்கிறது, கேட்கவில்லை. இன்னும் ஒன்றே ஒன்றுதான். தெருக்கதவு திறக்கும் சத்தம் கேட்டால் ஓடிப்போய் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நிற்கிறான். நாங்கள் உள்ளே வந்தால் எங்களைத் தாண்டி வெளியே பார்க்கிறான். அழுவதில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிவிடுகிறான். யாரை எதிர்பார்க்கிறான்?'

உடனே கோப்பைத் திறந்தேன். நாலாயிரத்து இருநூற்றுப் பதினாறு புள்ளிகளையும் ஒன்றொன்றாகப் பார்த்தேன். அதற்கே சாயங்காலம் ஆகிவிட்டது. இவள் இடுப்புக்கு ஒன்றுகூட இல்லை. ஆயிரத்தில் ஒரு பங்கு ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்றும் தேடினேன். சுத்தமாக இல்லை. கோப்பைப் பொறுத்தவரை அவன் முழுக்க அவனுக்கே சொந்தம். அவன் கையைத் தூக்குவதற்கு என் வேலையில் காரணம் இல்லை, மாப்பிள்ளை.

கடிதத்தை அவளிடம் காட்டலாமா கூடாதா என்று இன்று காலைவரை யோசித்தேன். கடைசியில் காட்டினேன். நின்றபடியே படித்தாள். காகிதத்தை மடிப்பு பிசகாமல் மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு மெஷினில் போய் உட்கார்ந்தாள். கொஞ்ச தூரம் தைத்த பிறகு தலையைத் தூக்காமல் சொன்னாள்.

"பதில் போடுண்ணா. கையைத் தூக்கினா நிக்க வெக்காம உடனே தூக்கிக்கச் சொல்லு. இடது இடுப்புல தூக்கச் சொல்லு. வலது பக்கம் வெச்சா அவனுக்குத் தூக்கம் வராது."

முன்பின் தெரியாத ஒருவருக்கு இதை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. அவள் சொன்னதைச் சொன்னபடியே எழுதி அனுப்பிவிட்டேன்.

உங்கள் மச்சான்